கெஸ்ட்டா ஹோஸ்ட்டா?

அந்த அரசு விருந்தினர் மாளிகையின் வாசலில் ஒரு மேசை இருந்தது. மேசைமேல் ஒரு பதிவேடு. பதிவேட்டுக்குப் பின்னால் ஓர் எழுத்தர். மூன்றில் பதிவேட்டுக்குத்தான் அதிகாரம் அதிகம்.

காலை பத்து மணிக்குப் பிளம்பர் தன் பையோடு அங்கே வந்து நின்றபோது எழுத்தர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"கெஸ்ட்டா, ஹோஸ்ட்டா?"

"பிளம்பர்ங்க."

"அது வெளிய. இங்க ரெண்டே கட்டம்தான். கெஸ்ட், ஹோஸ்ட். எதுல எழுதட்டும்?"

"அஞ்சாம் ரூம்ல குழாய் ஒழுகுதுன்னு போன் வந்துச்சு. பத்து நிமிஷ வேலை. மூணாவதா ஏதாவது கட்டம் இருந்தா அதுல போட்டுக்குங்க."

"இருந்துச்சு. 'இதரர்'னு. காகிதச் சிக்கனத்துல எடுத்துட்டாங்க. ஏம்ப்பா, நீ யாரையாவது இங்க வரச்சொல்லிக் கூப்பிட்டியா?"

"இல்லைங்க. என்னைத்தான் கூப்பிட்டாங்க."

"அப்ப நீ கெஸ்ட்."

எழுத்தர் எழுதினார். பிளம்பரின் போனை வாங்கி இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். விருந்தினரின் ஓய்வுக்கு இடையூறு வரக்கூடாது என்பது விதி. வரவேற்புக்கென்றே கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தில் பிளம்பரை யாரும் வா என்று சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

அவர் மனம் முழுக்க மாலை ஐந்து மணியில் இருந்தது. ஐந்து மணிக்குத் தன் வீட்டு வாசலில் நின்று, வருகிறவரைப் பார்த்து, "மச்சான், வாங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வருகிறவர் மனைவியின் அண்ணன். ஆறு வருஷத்துக்கு முன்பு அவர் கடைசியாக வந்தபோது, பிளம்பர் சொந்த வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். இரண்டு கையும் குழாயில். வாயில் ஸ்பானர். வாசலில் மச்சானின் குரல் கேட்டதும் இவர் "ம்ம்" என்றார். ஸ்பானரைக் கடித்துக்கொண்டு அதற்குமேல் சொல்ல முடியாது. மச்சான் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டார். போனவர், சொந்தபந்தம் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரிடமும் சொன்னது ஒரே வாக்கியம்: "வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலைய்யா அந்த ஆளு." அன்று முதல் மச்சான் வாயில் பிளம்பருக்கு உறவுமுறை இல்லாமல் போயிற்று. 'அந்த ஆளு'தான்.

ஆறு வருஷமாகத் தூது போய், அழுது, சிரித்து, ஒருவழியாக அண்ணனை வரவழைத்திருந்தாள் மனைவி. காலையில் கிளம்பும்போது அவள் சொல்லி அனுப்பினாள்: "நாலரைக்கே வாசல்ல நில்லுங்க. வாயில எதையும் வெச்சுக்காதீங்க. இந்தத் தடவையும் கோவிச்சுக்கிட்டுப் போனாரு, நானும் கூடவே போயிடுவேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லும்போது சிரிப்பாள். இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

ஐந்தாம் அறையில் வாஷர் தேய்ந்திருந்தது. புது வாஷர் போட்டார். பத்து நிமிஷம் என்று சொன்ன வேலை எட்டு நிமிஷத்தில் முடிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"போயிட்டு வரேங்க."

"எப்படிப் போவே?" எழுத்தர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "கெஸ்ட் வெளிய போகணும்னா, பக்கத்துக் கட்டத்துல ஹோஸ்ட் கையெழுத்துப் போடணும். கட்டம் காலியா இருக்கு பாரு."

"யாருங்க ஹோஸ்ட்?"

"உன்னை யாரு கூப்பிட்டாங்களோ அவங்க."

கூப்பிட்டது கண்காணிப்பாளர். அவர் அறையில் சுவர் உயரத்துக்கு ஒரு வரவேற்புப் பலகை இருந்தது. அதில் வரவேற்கப்பட வேண்டியவர்களின் வகைகள் பதினேழு பட்டியலிடப்பட்டிருந்தன. பிளம்பர் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"போன் பண்ணினது நான்தான். மறுக்கல," என்றார் கண்காணிப்பாளர். "ஆனா நான் கூப்பிட்டது குழாய்க்கு. ஆளுக்கு இல்ல. ஆளைக் கூப்பிட்டேன்னு ஒத்துக்கிட்டா நான் ஹோஸ்ட் ஆயிடுவேன். ஹோஸ்ட் பதவி எனக்கு ரெண்டு படி மேல. இல்லாத பதவியை எடுத்துக்கிட்டான்னு நாளைக்கு என்மேலதான் விசாரணை வரும்."

"அப்ப ஹோஸ்ட் எங்கங்க இருக்காரு?"

"காலியிடம். ஒன்பது வருஷமா நிரப்பல."

"ஒன்பது வருஷமா வந்தவங்க எல்லாம் எப்படிங்க வெளிய போனாங்க?"

"யாரும் வரலையே. அதனாலதான் எந்தக் குறையும் இல்லாம நடந்துக்கிட்டிருக்கு." பெருமையாகச் சொன்னவர் கொஞ்சம் யோசித்தார். "போன மாசம் ஒரு எலக்ட்ரீஷியன் வந்தாரு. அவரு இன்னும் போகணும்னு கேக்கல."

எலக்ட்ரீஷியன் மாடி வராந்தாவில் சாய்வு நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தார். கன்னம் நன்றாகச் சதைபோட்டிருந்தது. பிளம்பரின் பையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"குழாயா? நான் ஃபேன். முதல் ரெண்டு நாள்தான் கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும். தலையணை மட்டும் ரெண்டாக் கேட்டு வாங்கிக்குங்க, ஒண்ணு சப்பையா இருக்கு."

"நீங்க ஓடிப் பாக்கலையா?"

"பாத்தேனே. சாயங்காலமே வீட்டுக்குக் கார் அனுப்பிட்டாங்க. 'எங்க விருந்தாளி காணாமப் போயிட்டார்'னு தெருவுல கேட்டு, மரியாதையா ஏத்திட்டு வந்துட்டாங்க. கார்ல ஏறும்போது என் மாமியாரே எந்திரிச்சு நின்னாங்க. கல்யாணமாகி இருபது வருஷத்துல அன்னைக்குத்தான்." செய்தித்தாளை மடித்தார். "அவசரம்னா மூணாம் ரூமைப் போய்ப் பாருங்க. சொல் அதிகாரி இருக்காரு. அவருக்கு மட்டும்தான் இங்க வேலைன்னு ஒண்ணு இருக்கு."

சொல் அதிகாரி அந்த மாளிகைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. பதிவேட்டைத் தமிழாக்கம் செய்ய மூன்று நாள் பணியில் அனுப்பப்பட்டவர். ஆக்க வேண்டிய சொற்கள் இரண்டு: கெஸ்ட், ஹோஸ்ட். அறை முழுக்க நோட்டுப் புத்தகங்கள். மேசையில் ஒரு சிறிய அளவுகோல். பதிவேட்டின் கட்டம் இரண்டரை சென்டிமீட்டர் அகலம். முதல் சொல்லை அவர் வந்த அன்று மதியமே முடித்துவிட்டார். 'விருந்தினர்' சிறிய எழுத்தில் கட்டத்துக்குள் அடங்கியது. 'விருந்தோம்புநர்' அடங்கவில்லை. பக்கத்துக் கட்டத்துக்குள் மூக்கை நீட்டியது.

"'அழைப்பாளர்' போட்டுப் பாத்தேன். பத்திரிகை வெக்க வந்தவர் மாதிரி இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க," என்றார் அவர். "'இல்லத்தரசர்'னு போட்டேன். கண்காணிப்பாளரோட வீட்டம்மா வந்து சண்டை போட்டாங்க. உக்காருங்க தம்பி. பதினோரு வருஷத்துல இதைப் பத்தி என்கிட்ட கேக்க வந்த முதல் ஆள் நீங்க."

"நான் கேக்க வரலைங்க. வெளிய போக வந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். முதல்ல, கெஸ்ட்டுக்கும் ஹோஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம்னு நினைக்கிறீங்க?"

பிளம்பர் யோசித்தார். "ஒருத்தர் வரவரு. இன்னொருத்தர் வாங்கன்னு சொல்றவரு."

"அப்படித்தான் ஊரே நினைச்சுக்கிட்டிருக்கு." சொல் அதிகாரியின் கண்கள் பளபளத்தன. "கெஸ்ட்டு, வடக்குக் கடல் பக்கத்துச் சொல்லு. இங்கிலாந்துல ஏற்கெனவே ஒரு உச்சரிப்பு இருந்துச்சு. அது அப்படியே வளந்திருந்தா உங்களை இன்னைக்கு 'யெஸ்ட்'னு எழுதியிருப்பாங்க. படகுல வந்து இறங்கின வடக்கத்திக்காரங்க வாயிலதான் அது 'கெ' ஆச்சு. ஹோஸ்ட்டு வேற வழி. லத்தீன்ல 'ஹோஸ்பெஸ்'. அங்கிருந்து பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. ஹாஸ்பிட்டல், ஹோட்டல், ஹாஸ்டல் எல்லாம் அதோட பங்காளிங்க. இதுல வேடிக்கை என்னன்னா, லத்தீன்ல ஹோஸ்பெஸ்னா வாங்கன்னு சொல்றவரும்தான், வரவரும்தான். பிரெஞ்சுக்காரன் இன்னைக்கும் ரெண்டு பேருக்கும் 'ஓட்'னு ஒரே சொல்லைத்தான் வெச்சிருக்கான்."

"ஓட விட்டா நல்லாத்தான் இருக்கும்," என்றார் பிளம்பர்.

"இன்னும் மேல போங்க. ரெண்டுக்கும் ஆதி ஒண்ணு. 'கோஸ்தி'ன்னு ஒரு வேர் இருந்திருக்கணும்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க."

"கோஷ்டியா?"

"கோஸ்தி. கோஷ்டி தலைமை அலுவலகத்துல இருக்கு. கோஸ்தின்னா, முன்னப்பின்ன தெரியாத ஆள். இன்னைக்கு நீ என் வாசலுக்கு வந்தா நான் பாத்துக்கணும், நாளைக்கு நான் வந்தா நீ பாத்துக்கணும். அந்த ஏற்பாட்டுல இருக்கற ரெண்டு பேருக்கும் ஒரே பேரு."

பிளம்பருக்கு இப்போது பிடிபட்டது. "மேல ஒரே தொட்டி. அதுல இருந்து ரெண்டு லைன் பிரிச்சு விட்டிருக்காங்க. ஒண்ணு வடக்கால சுத்தி வருது, ஒண்ணு தெக்கால சுத்தி வருது. கீழ வந்து பாத்தா பக்கத்துப் பக்கத்துல ரெண்டு குழாய். தண்ணி ஒண்ணுதான்."

சொல் அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். பதினோரு வருஷ உழைப்பை ஒருவர் மூன்று வரியில் சொல்லிவிட்டார். அதை உடனே நாற்பத்தோராவது நோட்டில் எழுதிக்கொண்டார். "மத்தியானம் இணை இயக்குநர் அம்மா ஆய்வுக்கு வராங்க. இதைச் சபையில வெக்கறோம்."

இணை இயக்குநர் இரண்டு மணிக்கு வந்தார். கூட்டம் உணவுக்கூடத்தில் நடந்தது. அங்கே நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் ஆறு பேர். மற்ற நாற்காலிகளில் 'ஒதுக்கப்பட்டது' என்ற அட்டை இருந்தது.

"நம் துறையின் உயிர்மூச்சு வரவேற்பு," என்று அவர் தொடங்கினார். எழுதிக்கொண்டு வந்திருந்தார். "சென்ற ஆண்டில் மட்டும் பதினான்கு வரவேற்புப் பயிற்சி முகாம்கள் நடத்தினோம். எந்த முகாமிலும் வெளியார் ஒருவர்கூட நுழைந்து பயிற்சியைக் கெடுக்கவில்லை. புன்னகைக்கென்று தனி வழிகாட்டு நெறி வகுத்திருக்கிறோம். அது அச்சில் இருப்பதால் அதுவரை யாரும் புன்னகைக்க வேண்டாமென்று சுற்றறிக்கை அனுப்பினோம். அது முழுமையாகப் பின்பற்றப்படுவதை இன்று வாசலிலேயே கண்டேன். பாராட்டுகள்."

எழுத்தர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அடுத்துக் கண்காணிப்பாளர் எழுந்து, குழாய் ஒழுகியது, ஒழுக்கு நின்றது, நிறுத்தியவர் நிற்கவில்லை, போக வேண்டும் என்கிறார் என்று பிரச்சனையை விளக்கினார். பிறகு சொல் அதிகாரி முக்கால் மணி நேரம் பேசினார். லத்தீன் வந்தது, வடக்கத்திக்காரர்கள் படகிலிருந்து இறங்கினார்கள், தொட்டியும் இரண்டு குழாய்களும் வந்தன. பிளம்பர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றேகால். இங்கிருந்து வீட்டுக்குப் பஸ்ஸில் நாற்பது நிமிஷம்.

"ஆக," என்றார் இணை இயக்குநர், "கெஸ்ட்டும் ஹோஸ்ட்டும் ஒரே சொல். அப்படியென்றால் இவர் கெஸ்ட்டாக இருப்பதாலேயே ஹோஸ்ட்டும் ஆகிறார். ஒன்பது ஆண்டுக் காலியிடம் செலவில்லாமல் நிரம்பிவிட்டது. தீர்மானம் எழுதிக்கொள்ளுங்கள்."

கண்காணிப்பாளர் சட்டென்று எழுந்து, தன் நாற்காலியைப் பிளம்பர் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்க சார். தண்ணி கொண்டு வரச் சொல்லட்டுமா சார்?"

பிளம்பர் உட்காரவில்லை. அவருக்கு அந்தத் தீர்மானத்தில் ஒரு நல்ல விஷயம் தெரிந்தது. "ஹோஸ்ட் கையெழுத்துப் போட்டா கெஸ்ட் போகலாம், இல்லைங்களா? நான்தான் ஹோஸ்ட்டு. நானே போட்டுட்டு நானே போறேன்."

ஆறு பேரும் யோசித்தார்கள்.

"கையெழுத்துப் போடலாம் சார்," என்றார் கண்காணிப்பாளர் மெதுவாக. "உங்களுக்குள்ள இருக்கற கெஸ்ட் தாராளமாப் போகலாம். ஆனா ஹோஸ்ட் எப்படிப் போவாரு? வீட்டுல வாங்கன்னு சொல்ல ஆள் வேணுமில்ல?"

"அதேதாங்க!" பிளம்பர் கத்தியே விட்டார். "எங்க வீட்டுல வாங்கன்னு சொல்ல ஆள் வேணும்! அஞ்சு மணிக்கு!"

"அது தனிப்பட்ட வரவேற்பு," என்றார் இணை இயக்குநர். "அலுவலக நேரத்தில் அனுமதிப்பதில்லை."

ஹோஸ்ட் என்பதால் ஒரு சலுகை கிடைத்தது. போனைக் கேட்டு வாங்கலாம். எழுத்தர் இழுப்பறையைத் திறந்து இரண்டு கையாலும் நீட்டினார். பதினொரு தவறிய அழைப்புகள், எல்லாம் மனைவி.

"என்னங்க, எங்க போய்த் தொலைஞ்சீங்க? அண்ணன் பஸ் ஏறிட்டாரு."

"ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். கெஸ்ட் ஹவுஸ்ல. விருந்தாளியா வெச்சிருக்காங்க."

"எங்க அண்ணன் இங்க விருந்தாளியா வர அன்னைக்கு, நீங்க எங்கயோ போய் விருந்தாளியா உக்காந்திருக்கீங்களா?"

"இல்லல்ல, அது காலைல. இப்ப நான் விருந்தாளி இல்ல. இங்க வீட்டுக்காரன் ஆயிட்டேன்."

"யாருக்கு வீட்டுக்காரன்?"

"ஐயோ, அந்த அர்த்தத்துல இல்லம்மா. ஒரு தீர்மானம் போட்டாங்க, ஒரு மேடம்..."

"மேடமா?"

விளக்க விளக்கக் குழாய் வெடித்த மாதிரி விஷயம் நாலா பக்கமும் பீய்ச்சியடித்தது. கடைசியில் அவள், "எந்த ஊர் நியாயம்ங்க இது? நான் அண்ணன்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்று கேட்டபோது குரல் உடைந்திருந்தது.

உள்ளே இதைவிட மோசமாகப் போய்க்கொண்டிருந்தது. பாராட்டு கிடைத்த உற்சாகத்தில் சொல் அதிகாரி, கேட்காத ஒரு தகவலையும் சேர்த்துச் சொல்லிவிட்டிருந்தார். அதே தொட்டியிலிருந்து மூன்றாவதாகவும் ஒரு குழாய் உண்டு. லத்தீனில் 'ஹோஸ்டிஸ்'. முதலில் அதற்கும் அந்நியன் என்றுதான் பொருள். பிற்பாடு எதிரி என்று ஆகிவிட்டது.

"எதிரியா?" இணை இயக்குநர் பேனாவை மூடினார். "வேரிலேயே எதிரி இருக்கிற ஆளை உள்ளே விட்டு, குழாயைத் தொடவும் விட்டிருக்கிறீர்கள்?"

"வாஷர் மட்டும்தான் தொட்டாரு மேடம்," என்றார் கண்காணிப்பாளர். ஆனால் அதற்குள் அவர் தன் நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

பிளம்பரைக் கண்காணிக்கும் பொறுப்பு எழுத்தருக்குக் கொடுக்கப்பட்டது. ஹோஸ்ட் என்பதால் மரியாதையாகவும், எதிரி என்பதால் எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். எழுத்தர் ஒரு கையில் தண்ணீர் டம்ளரும் இன்னொரு கையில் தடியுமாகப் பின்னாலேயே நடந்தார். இணை இயக்குநரும் கண்காணிப்பாளரும் ஆய்வுக் குறிப்பு எழுத உட்கார்ந்தார்கள். மணி ஐந்தைத் தாண்டியது. பிளம்பர் வெளிவாசலின் இரும்புக் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். இந்நேரம் அவர் வீட்டு வாசல் வெறிச்சென்று கிடந்திருக்கும். மச்சான் வந்திருப்பார், பார்த்திருப்பார், திரும்பியிருப்பார்.

திரும்பித்தான் இருந்தார். ஆனால் ஊருக்கு இல்லை. ஐந்தே முக்காலுக்கு அந்தத் தெருமுனையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து காக்கிச் சட்டையோடு மச்சான் இறங்கினார். பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் கூட்டத்தின் தலைக்குமேல் கத்திப் பழகிய தொண்டை.

"எங்கய்யா அந்த ஆளு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "ஆறு வருஷம் கழிச்சு வரேன், இன்னைக்கும் வாங்கன்னு சொல்ல வாசல்ல ஆள் இல்ல. என் தங்கச்சி அழுதுக்கிட்டே ஏதோ விருந்தாளி, வீட்டுக்காரன், தீர்மானம்னு உளறுது. நேர்ல பாத்து நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் ஊருக்குப் பஸ் ஏறுவேன்!"

கம்பிக்கு இந்தப் பக்கம் பிளம்பரைப் பார்த்ததும் நின்றார். பிளம்பர் அவரைப் பார்த்தார். வாயில் எதுவும் இல்லை. கையில் குழாய்கூட இல்லை. தொண்டை கிழியக் கத்தினார்.

"மச்சான், வாங்..."

"நிறுத்துங்க!" எழுத்தரின் தடி குறுக்கே விழுந்தது. "சார், முன் அனுமதி இல்லாம யாரையும் வாங்கன்னு சொல்லக்கூடாது. வரவங்க எந்த வகைன்னு பதினேழுல பாக்கணும்."

சத்தம் கேட்டுக் கண்காணிப்பாளர் ஓடிவந்தார். பின்னாலேயே இணை இயக்குநரும் சொல் அதிகாரியும். "வாங்க என்பதற்கு எழுத்துவடிவ விண்ணப்பம் வேண்டும்," என்றார் இணை இயக்குநர். "அதுவும் இவர் எதிரியாக இருக்கும் நிலையில்."

மச்சான் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"என்னை வாங்கன்னு சொல்றதுக்கு உங்ககிட்ட பர்மிஷனா? ஆறு வருஷம் கழிச்சு மனுஷன் வாயைத் திறக்கறாரு, அதைப் பாதியில நிறுத்தறீங்களே, நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா? சொல்ல விடுய்யா அவரை! என் பஸ்ல டிக்கெட் இல்லாம ஏறினவனைக்கூட இறக்கி விடத்தான் ரூல் இருக்கு. இறங்கக்கூடாதுன்னு எந்த ஊர்லயும் ரூல் கிடையாது! மச்சான், நீங்க சொல்லுங்க மச்சான்! யார் தடுக்கறான்னு நான் பாக்கறேன்!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குக் கேட்டது. பிளம்பருக்கும் கேட்டது. அவர் கம்பியை விட்டுவிட்டுக் கைகளைக் கூப்பினார்.

"வாங்க மச்சான்," என்றார் பிளம்பர். இந்தத் தடவை கத்தவில்லை.

"வந்துட்டேன்ல," என்றார் மச்சான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எழுத்தர் மட்டும் கடமை தவறாமல் பதிவேட்டை எடுத்து வந்தார். "நீங்க கெஸ்ட்டா, ஹோஸ்ட்டா?"

"மச்சான்யா!"

"யாருக்கு?"

"இவருக்கு!"

"அப்ப இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"மச்சான்தான்!"

"அவர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மச்சான்," என்றார் பிளம்பர். "அவர் எங்க வீட்டுக்கு வந்தாலும் மச்சான், நான் அவர் வீட்டுக்குப் போனாலும் மச்சான்."

சொல் அதிகாரியின் கையிலிருந்து பேனா விழுந்தது. எழுத்தரிடமிருந்து பதிவேட்டைப் பிடுங்கினார். சட்டைப் பையிலிருந்து அளவுகோல் வந்தது. கட்டத்தில் வைத்து அளந்தார். "வரவருக்கும் அதுவே. வாங்கன்னு சொல்றவருக்கும் அதுவே. ஹோஸ்பெஸ்ஸுக்கு நேர்ச் சொல். நாலே எழுத்து. ஒன்றரை சென்டிமீட்டர். ரெண்டு பக்கமும் இடம் விட்டு அடங்குது மேடம்!"

இணை இயக்குநர் அளவைத் தானே சரிபார்த்தார். எதிரி என்ற மூன்றாம் பொருளும் அதில் வருமா என்று கேட்டார். "கல்யாண வீட்டுல சாப்பாட்டுப் பந்தியில பாருங்க மேடம், அதுவும் வரும்," என்றார் மச்சான். அதோடு எல்லாச் சந்தேகமும் தீர்ந்தது.

தீர்மானம் அங்கேயே, வாசல் மேசையில் எழுதப்பட்டது. இனிப் பதிவேட்டில் ஒரே கட்டம், தலைப்பு, மச்சான். உள்ளே இருக்கும் எந்த மச்சானும் வெளியே போக, வேறெந்த மச்சானும் கையெழுத்துப் போடலாம். "இந்த நடைமுறை இந்த நிமிடம் முதல், பதவி வேறுபாடின்றி, என்னையும் உட்படுத்தி அமலுக்கு வருகிறது," என்று இணை இயக்குநர் உரக்கப் படித்துக் கையெழுத்திட்டார். அவர் பேச்சுகளிலேயே அதற்குத்தான் முதல்முறையாக உண்மையான கைதட்டல் விழுந்தது. தட்டியவர் மச்சான்.

பிளம்பருக்கு மச்சான் கம்பி வழியாகக் கையை நீட்டிக் கையெழுத்துப் போட்டார். மாடியிலிருந்து எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தபோது, அவருக்கும் சேர்த்துப் போடட்டுமா என்று கேட்டார். "இந்த வாரம் வேண்டாம், மாமியார் வந்திருக்காங்களாம்," என்று பதில் வந்தது.

இரும்புக் கதவு திறந்தது. பிளம்பர் வெளியே வந்தார். பின்னாலேயே இணை இயக்குநரும் கைப்பையோடு வந்தார். அவருக்கு மட்டும் எழுத்தரின் தடி குறுக்கே இறங்கியது.

"மேடம், மன்னிக்கணும். நீங்க எந்தக் கட்டத்துல வரீங்க?"

"இருப்பதே ஒரு கட்டம்தானே?"

"அதுதாங்க மேடம். நீங்க மச்சான் இல்லையே."

இணை இயக்குநர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் தீர்மானத்தைப் பார்த்தார். பதவி வேறுபாடின்றி என்று இருந்தது. ஆண் பெண் வேறுபாடு பற்றி ஒன்றும் இல்லை. எல்லாரும் சொல் அதிகாரி பக்கம் திரும்பினார்கள். வேலை முடிந்துவிட்டதே, நாளைக்கு அறையைக் காலி செய்ய வேண்டுமே என்று ஓரமாகச் சோர்ந்து நின்றிருந்த சொல் அதிகாரியின் முகம் மெல்ல மலர்ந்தது.

"மச்சானுக்குப் பெண்பால்," என்றார் அவர். "சாதாரண விஷயமில்ல மேடம். மச்சினி இருக்கு, அண்ணி இருக்கு, நாத்தனார், கொழுந்தியாள். எதுவும் ரெண்டு பக்கமும் ஒண்ணா வராது. நாலாம் ரூம் நல்ல காத்தோட்டமான ரூம். மூணு நாள்ல முடிச்சுடலாம்."

வெளியே மச்சான் பிளம்பரின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "நான் தூக்கறேன்" என்று இவர் இழுத்தார், "விடுங்க மச்சான்" என்று அவர் இழுத்தார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு ஒரு சண்டை நடந்தது. ஒருவர் உட்கார மற்றவர் ஒத்துக்கொள்ளாததால் இருவரும் கடைசிவரை நின்றுகொண்டே வந்தார்கள்.

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். தெருவில் இரண்டு பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் முந்தானையால் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க," என்றாள்.

அண்ணனைச் சொன்னாளா, புருஷனைச் சொன்னாளா என்று இருவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையப் பார்த்து, குறுகலான வாசலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்க போங்க மச்சான்."

"அட, நீங்க முதல்ல போங்க மச்சான்."

"விடிய விடிய வாசல்லயே குடும்பம் நடத்தப் போறீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டுவிட்டு, அவள் தட்டு எடுத்துவைக்க உள்ளே போனாள்.